நடுவில் இருந்த நல்ல வருஷங்கள்

ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூட்டுகிறவர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் 'அப்புறம்' அக்காதான். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஏதோ சொல்லி நிறுத்தினால், தலையை லேசாகச் சாய்த்து, "அப்புறம்?" என்பாள். அவசரப்படுத்துகிற 'அப்புறம்' அல்ல அது. இன்னும் இருக்குமே, இருந்தால் சொல்லலாமே என்கிற 'அப்புறம்'. அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு போனவர்கள் குறைவு.

அவள் வேலையே கேட்பதுதான். மனசுக்கு வருகிற நோய் ரத்தத்தில் தெரியாது, எக்ஸ்ரேயில் விழாது. தூக்கம் எப்படி, பேச்சு எப்படி, மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்கிறதா, கேட்டால் எப்போது, எத்தனை நாள் என்று வரிசை மாறாமல் கேட்டுத்தான் எது மனச்சோர்வு, எது மனச்சிதைவு என்று பிரிக்க வேண்டும். இந்தக் கேள்விகள் ஏற்கெனவே எழுதப்பட்டவை. யார் வந்தாலும் அவற்றையே கேட்க வேண்டும். பார்க்க நல்லவராக இருக்கிறார் என்று ஒன்றை விட்டுவிடக் கூடாது. பார்த்தாலே தெரிகிறதே என்று ஒன்றைத் தாண்டிப் போகவும் கூடாது.

இத்தனைக்கும் அக்கா பிறவியிலேயே வாயாடி. படிப்பு முடிந்ததும் முதலில் ஒரு குளிர்பெட்டிக் கம்பெனியில் தொலைபேசியில் புகார் கேட்கிற வேலைக்குத்தான் போனாள். பெட்டி குளிரவில்லை என்று கூப்பிட்டவர்கள் மகளுக்கு இன்னும் வரன் அமையாததையும் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள். அவளும் வைக்க மாட்டாள். மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். அங்கேதான் தனக்கு எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. மாலை வகுப்பில் உளவியல் சேர்ந்தாள். கல்யாணமாகி, கைக்குழந்தையும் ஆகி, விடாமல் படித்து மேல்படிப்பும் முடித்துத்தான் இந்த வேலைக்கு வந்தாள்.

வந்த புதிதில் அவள் நடத்திய முதல் நேர்காணலைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். பாதிக்கு மேல் அவள் குரல்தான். பயிற்சி கொடுத்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இப்ப யாரு யாரப் பேட்டி எடுத்தது?" என்று கேட்டார். அன்றிலிருந்து அக்கா வாயில் ஒரு புதினா மிட்டாயை அடக்கிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். மிட்டாய் கரைகிற வரைக்குமாவது வாய் சும்மா இருக்குமே என்றுதான். ஒரு வருஷத்தில் மிட்டாய் இல்லாமலே அது பழகிவிட்டது.

வீட்டில்தான் பழகவில்லை. அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுவிட்டு வருகிற மனுஷன். அவர் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், "எப்பலேர்ந்து இப்படி இருக்கு? தினமுமா, சில நாள் மட்டுமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். "ஷூ கடிக்குதும்மா" என்பார் அவர். மகள் பத்தாம் வகுப்பு. அவள் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, "அம்மா, நான் உன் மகள். உன் பேஷண்ட் இல்ல" என்று உள்ளேயிருந்து கத்தினாள். அக்கா வெளியே நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அப்புறம்?" என்றாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

இப்படிப்பட்ட அக்காவிடம்தான் ஒரு மழைக்காலக் காலையில் அந்த லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்தார்.

வந்தார் என்பதைவிட, கொண்டுவரப்பட்டார் என்பதே சரி. கையைப் பிடித்து அழைத்து வந்தது அவர் தங்கை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், குரலே ஹாரன் மாதிரி. நாற்பதைத் தாண்டிய அந்த மனிதர் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. உதட்டோரம் ஈரமாகும்போதெல்லாம் தங்கை கைக்குட்டையால் ஒற்றிவிட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் அவருக்கு மனச்சிதைவு என்று சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து அதற்கான மாத்திரைகள், வேலை இல்லை, வாடகை அறையில் தனி வாழ்க்கை. போன மாதம்தான் தங்கை போய் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். ஊர் மாறினால் ஆஸ்பத்திரியும் மாறும். புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே முழு நேர்காணல் உண்டு.

அக்காவின் அறை சின்னது. மூன்று நாற்காலி, நடுவில் மேஜை கிடையாது, ஜன்னல் பக்கம் ஒரு தண்ணீர்க் கூஜா. அவரை உட்கார வைத்து, "இது பரீட்சை இல்ல சார். சரி, தப்புன்னு எதுவும் கிடையாது" என்று ஆரம்பித்தாள்.

"டிவியிலயோ ரேடியோவுலயோ உங்களுக்குன்னே தனியா ஏதாவது சொல்ற மாதிரி தோணியிருக்கா?"

"இல்ல."

"உங்க மனசுல நினைக்கிறத வேற யாராவது எடுத்துட்டுப் போற மாதிரி?"

"இல்ல."

"மத்தவங்களுக்குக் கேக்காத குரல் எதுவும்?"

"இல்ல. எதுவும் இல்ல."

அரை மணி நேரம் இப்படியே போயிற்று. பக்கத்து நாற்காலியில் இருந்த தங்கைதான் பொறுக்க முடியாமல் நடுநடுவே, "கேட்டுச்சு மேடம், கேட்டுச்சு! அண்ணே, சொல்லுண்ணே!" என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தாளை மடியில் வைத்துவிட்டு, "ஆமான்னு சொன்னா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். இது எழுதி வைத்த கேள்வி அல்ல. ஆனால் ஒருவர் வாயைத் திறக்க மறுத்தால் ஏன் என்று கேட்க அவளுக்கு அனுமதி உண்டு.

அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "மாத்திரை கூடும்" என்றார்.

"நீங்க இன்னிக்குச் சொல்ற எதுக்கும் நான் மாத்திரையைக் கூட்ட மாட்டேன். எனக்கு அந்த அதிகாரமும் கிடையாது. இப்ப என்ன இருக்குன்னு அப்புறம் பேசலாம். உங்க வேலைய முதல்லேர்ந்து சொல்லுங்க. லிஃப்ட் வேலைக்கு எப்ப போனீங்க?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். நாக்கு கனத்துப்போன பேச்சு, ஆனால் விஷயம் துல்லியம். பதினெட்டு வயதில் எடுபிடியாகப் போனது, கம்பிவடம் மாற்றக் கற்றுக்கொண்டது, லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு மேலே போவது எப்படி இருக்கும் என்பது, எல்லாம் வந்தது. அக்கா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கையைக்கூட, "ஒரு டீ குடிச்சுட்டு வாங்களேன்" என்று நைசாக வெளியே அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் தங்கையோடு தனியாகப் பேசினாள். ஹாரன் குரல் இறங்கிப்போய், அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்.

"குரல் கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு மேடம். அத யாரும் கேக்கவே இல்ல. நான் பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த சமயம். தூக்கமே கிடையாது அண்ணனுக்கு, ஆனா ஒரு சோர்வும் கிடையாது. காத்து மாதிரி இருந்தாரு. தெருவுல உள்ள அத்தனை அடுக்குமாடியிலயும் போய், உங்க லிஃப்ட் அழுவுது, நான் சரி பண்றேன்னு கழட்டிப் போட்டுட்டாரு. மாடியில குடியிருந்தவங்க எல்லாம் படியேறி ஏறி அவரைத் திட்டுறாங்க, அவரு கைதட்டிச் சிரிக்கிறாரு. பேசுற வேகத்துக்கு எனக்குக் காது போதல. அப்புறம்தான், நகரத்துல இருக்கிற எல்லா லிஃப்டும் என் பேச்சைத்தான் கேக்கும், மேலேர்ந்து உத்தரவு வந்திருக்குன்னாரு."

"எவ்வளவு நாள் அப்படி இருந்தாரு?"

"மூணு வாரம் இருக்கும். போலீஸ்தான் ஆஸ்பத்திரியில சேத்தாங்க. நான் அப்ப பிரசவ வார்டுல படுத்திருந்தேன், அவர் கூட யாருமில்ல."

அக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். பழைய ஆஸ்பத்திரிக்காரர்கள் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. கூட யாருமில்லாமல், உத்தரவு உத்தரவு என்று கத்திக்கொண்டு வந்த ஒருவரை அந்த நெரிசலில் பார்த்தவர்களுக்கு அன்றைய நாள் மட்டும்தான் தெரிந்திருக்கும். அன்றைக்கு முன்னும் பின்னும் என்ன என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

மூன்றாவது முறை அவரோடு உட்கார்ந்தபோது, அவர் சொல்லிக்கொண்டு வந்ததை வருஷவாரியாகப் பிரித்துக் கேட்டாள். இருபத்தெட்டு வயதில் ஒருமுறை மனம் கிடுகிடுவென்று இறங்கியிருந்தது. சாப்பிடவில்லை, எழுந்திருக்கவில்லை, 'நீ செத்துட்ட, உன் உடம்பு அழுகுது' என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. "அப்ப செத்துப்போயிடலாம்னு தோணிச்சா?" என்று அக்கா நேராகக் கேட்டாள். "தோணிச்சு. மொட்டைமாடியில லிஃப்ட் மோட்டார் அறைக் கதவு வரைக்கும் போனேன். சாவி எடுத்துட்டு வரல" என்றார். "இப்ப தோணுதா?" "இப்ப எதுவுமே தோணலயே மேடம். அதுதான் கஷ்டம்."

இறக்கம் தானாகக் கலைந்திருக்கிறது. மறுபடி வேலைக்குப் போயிருக்கிறார். பல வருஷம் கழித்து அந்தக் காற்று மாதிரியான மூன்று வாரம்.

இறங்கியபோது குரல் இருந்தது, ஏறியபோது குரல் இருந்தது. இனி எல்லாம் ஒரே கேள்வியில் நின்றது. மனசு ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் சாதாரணமாக இருந்த காலத்தில் குரல் கேட்டதா? கேட்டிருந்தால் பழைய நோய்ப் பெயரையே தூக்கிப்போட முடியாது. கேட்கவில்லை என்றால் இது வேறு நோய். மனநிலை இரண்டு பக்கமும் சாய்கிற இருமுனைக் கோளாறு. அதற்கு மருந்து வேறு. அதில் வேலைக்குத் திரும்பியவர்கள் ஏராளம்.

அக்காவுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிருந்தது. 'இல்ல' என்று சொல்லிவிடுங்களேன் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. ஆனாலும் தாளில் இருக்கிறபடி, குரலில் எந்தச் சாய்வும் இல்லாமல் கேட்டாள்.

"நடுவுல, நீங்க நல்லா வேலை பாத்துட்டிருந்த வருஷங்கள்ல, அந்த மாதிரிக் குரல் எப்பவாவது கேட்டிருக்கா?"

"ஒரு தடவ கேட்டுது" என்றார்.

அக்கா பேனாவை எடுத்துக்கொண்டாள். "சொல்லுங்க."

"ஒரு துணிக்கடைக் கட்டடம். புதுசா லிஃப்ட் போட்டுட்டிருந்தோம். நான் குழிக்குள்ள பாதி உயரத்துல நிப்பேன். மேலேர்ந்து ஒரு குரல் என் பேரச் சொல்லிக் கூப்பிடும். மேல பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல, தினமும் கேட்டுது. பயந்துபோயி யார்கிட்டயும் சொல்லல."

அன்று மாலை பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையான மனிதர், பழகியவர். "பேரச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி கேக்கிறது எனக்கே கேட்டிருக்கும்மா. அது ஒண்ணும் இல்ல. ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தினமும்னு சொல்றாரே" என்று தாடையைத் தடவினார். "நல்லா இருந்த வருஷம்னு சொல்றதும் அவர் வாய்மொழிதான். கூட இருந்தவங்க யாராவது சொன்னா நல்லது."

தங்கை அந்தக் காலத்தில் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தவள். மெக்கானிக்கிடமே கேட்டார்கள். "எங்க ஃபோர்மேனுக்குத் தெரியும். ஆனா அவரு எங்கூடப் பேச மாட்டாரு. ஏதோ கோவம்" என்றார். ஃபோர்மேனைக் கூப்பிடலாமா என்று அக்கா அவரிடமும் தங்கையிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் கூப்பிட்டாள்.

ஃபோர்மேன் வேலை ஓய்ந்து வீட்டோடு இருக்கிறவர். நேரிலேயே வந்துவிட்டார். தொப்பை, முழுக்கைச் சட்டை, உட்கார்ந்ததுமே தண்ணீர்க் கூஜாவைத் தானாக எடுத்துக் குடித்தார். அந்த வருஷங்களைப் பற்றிக் கேட்டதும், "அவன மாதிரி வேலைக்காரன் கிடையாதும்மா. வந்தா வேலை, விட்டா வீடு. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். ஒரு வம்பு தும்பு கிடையாது. கொஞ்சம் திமிர் மட்டும்" என்றார்.

"திமிரா?"

"ஆமா. அந்தத் துணிக்கடை வேலையில தினமும் மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவேன். கீழ, குழிக்கடியில நின்னு பேரச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவேன். ஐயா பதிலே சொல்ல மாட்டாரு. அண்ணாந்து மேல பாத்துட்டு நிப்பாரு. கடைசி வரைக்கும் அப்படித்தான். என்னை மதிக்கல, பாருங்க!"

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "கீழேர்ந்து கத்தினது நீங்களா?"

"பின்ன? எல்லாருக்கும் சோறு வாங்கி வெச்சிட்டு நான்தான கூப்பிடணும்?"

"அவருக்கு அது மேலேர்ந்து கேட்டிருக்கு."

ஃபோர்மேன் மெதுவாக, "கேக்கும்மா. அந்தக் குழிக்கு உச்சியில இரும்புத் தகடு போட்டு மூடியிருந்தோம். சத்தம் அங்க போயி முட்டித்தான் திரும்பும். அட, எனக்கு இது தோணவே இல்லையே" என்றார். அப்புறம், "பாவிப்பய, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று தானே நெற்றியில் அடித்துக்கொண்டார். மெக்கானிக் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஃபோர்மேன் எழுந்து போய் அவர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, "டேய், அது நான்தான்டா" என்றார். அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். மெக்கானிக்கின் தோள் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று கதவருகே நின்ற அக்காவுக்குத் தெரியவில்லை. மாத்திரையில் விறைத்த அந்த முகத்தில் அது தெரிவதற்கு இன்னும் சில மாதம் ஆகும்.

பெரிய டாக்டர் மறுபடி அவரைத் தானே பார்த்தார், தங்கையிடம் பேசினார், யோசித்தார். நோயின் பெயர் இருமுனைக் கோளாறு என்று மாறியது. அதைச் சொல்ல அண்ணன் தங்கை இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தபோது, அக்கா சந்தோஷத்தை எதிர்பார்த்திருந்தாள். வந்தது கோபம். தங்கை பேச ஆரம்பிக்குமுன் மெக்கானிக்கே கேட்டார்: "அப்ப அந்த ஆறு வருஷம்? அத யாரு குடுப்பா?"

அக்காவுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. "கோவப்பட வேண்டிய விஷயம்தான்" என்றாள். அவர் நாற்காலியின் கையைக் குத்தினார், மெதுவாகத்தான், அவ்வளவுதான் தெம்பு. பெரிய டாக்டரும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, லித்தியம் ஆரம்பித்தார்கள். இது மந்திரம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதற்கென்று அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டும், தாகம் எடுக்கும், கை லேசாக நடுங்கும். மெக்கானிக் நடுங்கும் கையைப் பார்த்து, "திருப்புளி பிடிக்கிற கைம்மா இது" என்று புலம்பினார். அளவைச் சரி செய்ததும் நடுக்கம் குறைந்தது. கால் தரையை விட்டு எழும்ப ஆரம்பித்தது. ஒருநாள் தங்கையின் வேன் பழுதாகி நின்றபோது, கேட்காமலே மூடியைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கிறார். "லிஃப்ட் பாக்கிற ஆளு என் வண்டியில கைய வைக்கிறாரு மேடம்" என்று அவள் வந்து புகார் சொன்னாள், முகமெல்லாம் சிரிப்பு.

நடுவில் ஒரு பயமும் வந்தது. வெயில் காலம் தொடங்கியபோது அவர் தூக்கம் குறைந்தது, பேச்சு வேகமெடுத்தது, சமையலறையின் தண்ணீர்க் குழாய் முழுவதையும் கழற்றி வைத்துவிட்டார். தங்கைக்கு என்ன கவனிக்க வேண்டும் என்று அக்கா சொல்லிக் கொடுத்திருந்தாள். மறுநாளே கூட்டி வந்துவிட்டாள். மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். உத்தரவு கித்தரவு எதுவும் வராமல், இரண்டு வாரத்தில் அடங்கியது. குழாயை அவரே திரும்ப மாட்டினார். முன்பைவிட நன்றாகவே மாட்டினார் என்று தங்கை ஒத்துக்கொண்டாள்.

ஃபோர்மேன் சும்மா இருக்கவில்லை. தன் மருமகன் நடத்துகிற பராமரிப்புக் கம்பெனியில் சொல்லி வைத்தார். தனியாக அனுப்பக் கூடாது, கூட ஒருவர் இருக்க வேண்டும், இரவு வேலை கூடாது என்று பெரிய டாக்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் மருமகன் தலையாட்டினார். மாமனார் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நின்றபோது அவர் வேறு என்ன செய்வார்?

மெக்கானிக் முதல் நாள் வேலைக்குப் போன அன்று அக்காவுக்கு வீட்டில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாம்பார் கரண்டியை ஃபிரிட்ஜில் வைத்தாள். கணவர் அதை எடுத்துக் கொடுத்து, "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று விசாரித்தார். "பேசாம சாப்பிடுங்க" என்றாள்.

மறுநாள் காலை தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். வேனில் பிள்ளைகள் போடும் கூச்சலுக்கு மேல் அவள் ஹாரன் குரல் கேட்டது.

"மேடம், நேத்து வந்தாரு. கால் வலிக்குதுன்னாரு. மேலேயும் கீழேயும் ஏறி இறங்கினதுல முட்டி செத்துடுச்சுன்னாரு. சாப்பிட்டாரு. டிவி சத்தத்துக்கு எங்கூடச் சண்டை போட்டாரு. அப்புறம் படுத்தாரு. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தேன் மேடம். தூங்கினாரு. எல்லாரும் தூங்குற மாதிரி, வாயைப் பொளந்துட்டு, சாதாரணமாத் தூங்கினாரு."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சினாள். இந்தப் பக்கம் அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப சந்தோஷம். வண்டி ஓட்டிக்கிட்டா பேசறீங்க?"

"இல்ல மேடம், ஓரமா நிறுத்தியிருக்கேன்."

"சரி. புதன்கிழமை ரத்தம் எடுக்கணும். காலைல மாத்திரை போடறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வாங்க, மறந்துடாதீங்க."